கப்பல் வந்தாச்சு, விமானம் எங்கே? விமானந்தாங்கிக் கப்பல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்படையில் பதினைந்து வருடம் விமானப் பராமரிப்பு வேலை பார்த்தேன். அதில் ஏழு வருடம் விராட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில், சீ ஹாரியர் போர் விமானங்களுக்கு அடியில் படுத்தும் உட்கார்ந்தும் கழிந்தது. இப்போது திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம், இரண்டு மாடு என்று வாழ்க்கை. ஆனால் விக்ராந்த் கப்பல் பற்றியோ ரஃபேல் போர் விமானம் பற்றியோ செய்தி வந்தால் போதும், டீக்கடை பெஞ்சில் இடம் காலியாகி என்னை உட்கார வைத்துவிடுவார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில்கூடக் கேட்டிருக்கிறார்கள்.

"மாமா, ஒரே பதிலை எத்தனை தடவை சொல்லுவீங்க, எழுதி வச்சிடுங்க" என்றான் அக்கா மகன். எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

விமானந்தாங்கிக் கப்பல்னா விமானத்தை ஏத்திக்கிட்டுப் போய் இன்னொரு ஊர்ல இறக்குற கப்பலா?

இல்லை. கப்பலின் மேல்தளமே ஓடுதளம். விமானம் அங்கிருந்தே கிளம்பும், சண்டை போட்டுவிட்டு அங்கேயே திரும்பி இறங்கும். தளத்துக்குக் கீழே ஹேங்கர் என்ற பெரிய கூடம் இருக்கும். விமானத்தை லிஃப்ட்டில் கீழே இறக்கி அங்கே நிறுத்துவார்கள், பழுது பார்ப்பார்கள். ஓடுதளம், எரிபொருள் கிடங்கு, ஆயுதக் கிடங்கு, பட்டறை, ஆஸ்பத்திரி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களுக்குச் சமையல்கட்டு எல்லாம் சேர்ந்து மிதந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மகிட்ட எத்தனை இருக்கு?

ஓடிக்கொண்டிருப்பவை இரண்டு. ஒன்று விக்ரமாதித்யா. ரஷ்யாவிடமிருந்து பழைய கப்பலை வாங்கிப் புதுப்பித்து 2013 நவம்பரில் சேர்த்தது. இன்னொன்று கொச்சியில் நாமே கட்டிய விக்ராந்த், 2022 செப்டம்பர் 2 அன்று சேர்ந்தது. 262 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு சுமார் 43,000 டன், 1,600 பேர், ஏறத்தாழ முப்பது விமானங்களும் ஹெலிகாப்டர்களும் என்று கணக்கு.

இதற்கு முன்பு இருந்தவை பழைய விக்ராந்தும் (1961 முதல் 1997 வரை) நான் இருந்த விராட்டும் (1987 முதல் 2017 வரை). இரண்டும் பிரிட்டனில் கட்டியவை. 1971 போரில் சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கியது பழைய விக்ராந்தின் விமானங்கள்தான்.

அவ்வளவு சின்ன இடத்துல எப்படிண்ணே ஏறி இறங்குது?

ஏறுவதற்கு நம் கப்பல்களில் முகப்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். ஸ்கீ ஜம்ப் என்பார்கள். சுமார் 200 மீட்டர் ஓடி, அந்த வளைவில் ஏறி விமானம் காற்றில் எறியப்படும். அந்த நேரத்தில் கப்பலைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி வேகமாக ஓட்டுவார்கள். களத்தில் நெல் தூற்றுகிறவர் காற்றைப் பார்த்து நிற்பதுபோல கேப்டனும் காற்றைப் பார்ப்பார். எதிர்க்காற்று கிடைத்தால் இறக்கைக்குத் தூக்கும் பலம் கூடும்.

இறங்குவதுதான் பயங்கரம். தளத்தில் குறுக்காக எஃகு வடங்கள் கட்டியிருக்கும். விமானத்தின் வாலடியில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கி ஒரு வடத்தைப் பிடிக்க வேண்டும். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் வருவது இரண்டரை நொடியில் நின்றுவிடும். இதில் கேட்பவர்கள் யாரும் நம்பாத ஒரு விஷயம் உண்டு. சக்கரம் தளத்தைத் தொட்டதும் பைலட் வேகத்தைக் குறைக்க மாட்டார், எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளுவார். கொக்கி வடத்தைத் தவறவிட்டால் அப்படியே மேலே பறந்துபோய்த் திரும்பி வர வேண்டுமே, அதற்காக.

தஞ்சாவூர்ல நிக்குற சுகோயை அப்படியே கப்பல்ல இறக்கினா ஆகாதா?

வல்லத்துக்காரர் ஒருவர் கேட்டது. நியாயமான கேள்விதான். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 ஸ்குவாட்ரன் நிற்கிறது. பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கும் விமானங்கள். நம் தலைக்கு மேலேயே உறுமிக்கொண்டு போகிறவை.

ஆனால் இறக்கினால் ஒரு தடவையோடு சரி. தரையில் இறங்கும் விமானம் ஓடுதளத்தை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி மெதுவாக உட்காரும். கப்பலில் அதற்கு இடம் கிடையாது, வந்த வேகத்தில் 'தொம்' என்று விழும். நெல் மூட்டையை லாரியிலிருந்து தோளில் வாங்கி இறக்குவதற்கும் அப்படியே உருட்டிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். அதைத் தாங்க சக்கரக்கால், உடம்பின் எலும்புக்கூடு, கொக்கி மாட்டும் இடம் எல்லாமே வேறு மாதிரி கட்டப்பட வேண்டும். சுகோயின் இறக்கை அகலமும் கிட்டத்தட்ட 15 மீட்டர். அது மடங்காது. ஹேங்கருக்குள் கொண்டுபோக வழியில்லை.

உப்பு இன்னொரு எதிரி. வேதாரண்யம் பக்கத்தில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள், கதவுக் கீல் எத்தனை வருடம் தாங்குகிறது என்று. கப்பலில் விமானம் அந்த உப்புக் காற்றிலேயே குடியிருக்கிறது. எங்கள் வேலையில் பாதி நல்ல தண்ணீரில் கழுவுவதும் துரு தேடுவதும்தான்.

பல்பணிப் போர் விமானம்னு பேப்பர்ல போடுறானே, அது என்ன?

முன்பெல்லாம் வேலைக்கு ஒரு விமானம். பழைய விக்ராந்தில் சண்டைக்கு சீ ஹாக், நீர்மூழ்கியைத் தேட அலிஸே என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். பல்பணி விமானம் என்றால், காலையில் எதிரி விமானத்தை விரட்டிய அதே விமானம் மதியம் கப்பலைத் தாக்கும் ஏவுகணையோடு போகும், சாயங்காலம் வேவு பார்க்கும். மாட்டுகிற ஆயுதமும் கருவியும்தான் மாறும்.

பவர் டில்லர் மாதிரி. அதே எஞ்சினில் சேறடிக்கிறோம், டிரெய்லர் மாட்டி மூட்டை இழுக்கிறோம். இடம் நிறைய இருப்பவன் வேலைக்கு ஒரு வண்டி வைத்துக்கொள்ளலாம். கப்பலில் ஒரு விமானத்தின் இடம் என்பது பொன். அதனால் அங்கே பல்பணி கட்டாயம். நீர்மூழ்கி தேடும் வேலை மட்டும் இப்போது ஹெலிகாப்டர்களிடம் போய்விட்டது.

1,600 பேர் எதுக்கு? எல்லாரும் பைலட்டா?

பைலட்டுகள் சில பத்துப் பேர்தான். மீதி எல்லாம் அவர்களைப் பறக்க வைக்கிறவர்கள். எஞ்சின் அறையில் டர்பைன் ஓட்டுகிறவர்கள், மின்சாரம், ரேடார், ரேடியோ, ஆயுதம், டாக்டர், சமையல், துணி துவைப்பவர்கள் வரை. தளத்தில் வேலை பார்ப்பவர்கள் சட்டை நிறத்தைப் பார்த்தே யார் என்று தெரிந்துகொள்ளலாம். அமெரிக்கக் கப்பல்களில் மஞ்சள் என்றால் விமானத்தை வழிநடத்துகிறவர், சிவப்பு என்றால் ஆயுதம், ஊதா என்றால் எரிபொருள். மற்ற நாடுகளிலும் ஏறக்குறைய இதே முறைதான். எஞ்சின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. நிறமும் கைச்சாடையும்தான் மொழி.

பறத்தல் தொடங்கும் முன் ஒரு வேலை உண்டு. எல்லோரும் தளத்தின் குறுக்கே வரிசையாக நின்று, தலையைக் குனிந்தபடி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடப்போம். ஒரு நட்டு, ஒரு கம்பித்துண்டு கிடந்தாலும் பொறுக்க வேண்டும், எஞ்சின் உறிஞ்சிவிட்டால் கோடிக்கணக்கில் சேதம். முதல் நாள் நான் அந்த வரிசையில் நின்றபோது எங்கள் அம்மாவும் மற்றவர்களும் சம்பா வயலில் வரிசை கட்டிக் களை பறித்தது ஞாபகம் வந்தது. அதிகாரி, மாலுமி வித்தியாசம் அந்த வரிசையில் பெரிதாகக் கிடையாது.

கப்பல் கட்டி முடிச்சாச்சுன்னா ஆளை ஏத்திட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? ஏன் வருஷக்கணக்கா இழுக்குது?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மேட்டூர் ஜூன் 12 அன்று திறந்துவிட்டது, வயலை உழுது சேறடித்துவிட்டீர்கள், ஆனால் நாற்றங்கால் விடவில்லை. என்ன நடுவீர்கள்? கப்பல் வயல். ஆட்கள் நாற்று. கப்பல் தயாராகிற நாளில் ஆள் தயாராக இருக்க வேண்டுமானால் பல வருடம் முன்பே விதைத்திருக்க வேண்டும்.

விக்ராந்தையே பாருங்கள். 2009 பிப்ரவரியில் அடிக்கட்டை வைத்தார்கள். 2013 ஆகஸ்டில் தண்ணீரில் இறக்கினார்கள். 2021 ஆகஸ்டில் முதல் கடல் சோதனை. 2022 செப்டம்பரில் பிரதமர் வந்து கொடியேற்றிச் சேர்த்தார். அன்றைக்குப் போர் விமானம் எதுவும் அதில் இறங்கியிருக்கவில்லை. முதல் மிக்-29கே என்ற ரஷ்யப் போர் விமானமும் நாமே செய்த கடற்படைத் தேஜஸும் இறங்கியது 2023 பிப்ரவரி 6. இரவில் முதல் இறக்கம் அதே வருடம் மே மாதம். இதைத் தாமதம் என்று டி.வி.யில் திட்டினார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. புதுத் தளத்தைச் சுற்றிக் காற்று எப்படிச் சுழல்கிறது, வடம் எவ்வளவு இழுக்கிறது, விளக்குகள் பைலட் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தைரியம் வர வேண்டும்.

பணக்கார நாடுகளுக்கும் இதே கதைதான். பிரிட்டனின் குயின் எலிசபெத் 2017 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது. 2021ல் முதல் பெரிய பயணம் போனபோது அதில் இருந்த எஃப்-35பி விமானங்கள் பதினெட்டு. அதில் பிரிட்டனுடையவை எட்டு, மீதிப் பத்து அமெரிக்க மரைன் படையினுடையவை. பக்கத்து வயல்காரரிடம் நாற்று வாங்கி நட்ட மாதிரி.

ஒரு கப்பல் பைலட் உருவாக எவ்வளவு நாள் ஆகும்?

அகாடமிப் படிப்பையும் சேர்த்தால் ஏழெட்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழிமலை கடற்படை அகாடமியில் அதிகாரியாக வேண்டும். பிறகு சின்ன விமானத்தில் அடிப்படைப் பயிற்சி, அதில் தேறினால் ஹாக் என்ற பயிற்சி ஜெட், அதற்கும் பிறகு போர் விமானம். ஒவ்வொரு கட்டத்திலும் சிலர் கழிந்து ஹெலிகாப்டருக்கோ பெரிய ரோந்து விமானத்துக்கோ போவார்கள். அரக்கோணம் ராஜாளி தளத்தில் இருப்பவை அந்த வகை.

கடைசியில் கோவா. அங்கே ஹன்சா தளத்தில் கப்பல் தளத்தைப் போலவே தரையில் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள், வளைந்த முகப்பும் தடுப்பு வடமும் உண்டு. அதில் பழகிய பிறகுதான் கடலுக்கு. பகலில் இறங்கத் தெரிந்தவர் இரவில் இறங்கத் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார், அதற்கு மறுபடியும் தனிப் பயிற்சி. கொஞ்ச நாள் பறக்காமல் இருந்தால் கை விட்டுப்போகும், மீண்டும் பழக வேண்டும்.

ஒரு சங்கதி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பழைய விக்ராந்தில் வடம் பிடித்து இறங்கும் முறை இருந்தது. 1980களின் கடைசியில் அது நின்றுபோனது. நாங்கள் வேலை பார்த்த சீ ஹாரியர் செங்குத்தாக இறங்கும், அதற்குக் கொக்கியும் வேண்டாம், வடமும் வேண்டாம். ஆகவே விக்ரமாதித்யா வருகிற காலத்தில் வடம் பிடித்து இறங்கத் தெரிந்த இளம் பைலட் நம்மிடம் யாருமே இல்லை. நம் பையன்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்துத்தான் அந்த வித்தையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு தலைமுறை விதைநெல்லை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது நம் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொண்ணுங்க போர் விமானம் ஓட்ட முடியுமா தம்பி? என் பேத்தி கேக்குறா.

முடியும் பெரியம்மா. 2019 டிசம்பரில் ஷிவாங்கி கடற்படையின் முதல் பெண் பைலட் ஆனார், அவர் ஓட்டியது ரோந்து விமானம். 2025 ஜூலையில் ஆஸ்தா பூனியா கடற்படையின் போர் விமானப் பிரிவுக்குத் தேர்வான முதல் பெண் ஆனார். விக்ராந்தைக் கட்டும்போதே பெண் அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் தனி அறைகள் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். பேத்தியைக் கணக்கும் இயற்பியலும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள், கண்ணைச் செல்போனில் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

மிக்-29கே இருக்கே, அப்புறம் எதுக்கு ரஃபேல்?

ரஷ்யாவிடமிருந்து 2004ல் 16, 2010ல் 29 என்று 45 மிக்-29கே விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டோம். பறக்கும் நேரத்தில் நல்ல விமானம். பறக்காத நேரம்தான் அதிகமாக இருந்தது. 2016ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையே வந்தது. ஒற்றை இருக்கை விமானங்களில் பறக்கத் தயாராக இருந்தவை சுமார் 16 முதல் 38 சதவீதம்தான் என்று அதில் இருக்கிறது. எஞ்சின் கோளாறு, தளத்தில் விழுந்து இறங்கும் அதிர்ச்சியில் பாகங்கள் பழுதாவது என்று பட்டியலும் உண்டு. பத்து மாடு இருக்கிறது, ஆனால் ஏரில் பூட்ட மூன்றுதான் தேறும் என்றால் அவனிடம் உண்மையில் எத்தனை மாடு?

அதனால்தான் 2025 ஏப்ரல் 28 அன்று 26 ரஃபேல் எம் (கப்பலில் இறங்கும் வகை ரஃபேல்) விமானங்களுக்குப் பிரான்ஸோடு ஒப்பந்தம். சுமார் 63,000 கோடி ரூபாய். இதில் பயிற்சி, ஆயுதம், உதிரிபாகம் எல்லாம் சேரும். விக்ராந்த் கப்பலைக் கட்ட ஆன செலவு சுமார் 20,000 கோடி. கப்பலைவிட அதன் மேல் நிற்கப்போகும் விமானங்களுக்கு மூன்று மடங்கு. கப்பல்தான் பெரிய செலவு என்று நினைத்திருந்த எங்கள் டீக்கடையே இந்தக் கணக்கில் கொஞ்ச நேரம் அமைதியானது.

26 வந்தா ரெண்டு கப்பலுக்கும் பங்கு போட்டுக்கலாமா?

பேப்பரில் போடலாம். முதலில் 26ல் நாலு இரட்டை இருக்கை, அவை தரையில் பயிற்சிக்கு மட்டும், கப்பலில் இறங்காது. மிச்சம் 22. அதில் சில பெரிய பராமரிப்பில் நிற்கும், சில கோவாவில் புதுப் பைலட்டுகளுக்குப் பயிற்சியில் ஓடும். என் கைக்கணக்கில், ஒரு கப்பலுக்கு ஒழுங்காக ஒரு டஜன் கொடுத்தால் அடுத்த கப்பலுக்கு எதுவும் மிஞ்சாது. மிக்-29கே இன்னும் பல வருடம் கூடவே ஓடத்தான் போகிறது.

விமானத்தைப் போலவே ஆளுக்கும் இதே கழித்தல் உண்டு. 1,600 பேர் வேலைக்கு 1,600 பேர் இருந்தால் போதாது. ஒருவனுக்குத் தங்கை கல்யாணம், ஒருவனுக்குப் பதவி உயர்வுப் படிப்பு, ஒருவனுக்கு மஞ்சள் காமாலை. அவன் இடத்தில் நிற்க இன்னொருவன் கரையில் தயாராக இருக்க வேண்டும். இரண்டு விதமான விமானம் என்றால் மெக்கானிக்கும் இரண்டு விதம். மிக் எஞ்சின் தெரிந்தவனை ரஃபேலில் கைவைக்க விடமாட்டார்கள்.

ரஃபேல் கப்பல் லிஃப்ட்டுல நுழையாதாமே? யூடியூப்ல சொன்னான்.

பாதி உண்மை. விக்ராந்தின் லிஃப்ட்டுகளை மிக்-29கேயை மனதில் வைத்து அமைத்தார்கள், மிக்கின் இறக்கை மடங்கும். ரஃபேல் எம்மின் இறக்கை மடங்காது. அகலம் கிட்டத்தட்ட 11 மீட்டர். இறக்கை நுனியில் உள்ள ஏவுகணைத் தாங்கிகளைக் கழற்றினால் அகலம் குறையும் என்பது சொல்லப்பட்ட ஒரு வழி. வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டப்போவது என்னைப் போன்ற ஒருவன்தான் என்று நினைக்கும்போது முதுகு வலிக்கிறது.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. பிரான்ஸின் சார்ல்ஸ் த கோல் கப்பலில் கேட்டபுல்ட் என்ற நீராவி விசை விமானத்தைப் பிடித்து இழுத்து எறியும். ரஃபேல் எம் அதற்காகவே செய்தது. நம்மிடம் அந்த விசை கிடையாது, மேலே சொன்ன வளைவு மட்டும்தான். அது சரிப்படுமா என்று 2022 ஜனவரியில் கோவா சோதனைத் தளத்தில் கொண்டுவந்து பறக்கவிட்டே பார்த்தார்கள். அமெரிக்காவின் சூப்பர் ஹார்னெட் விமானமும் அதே வருடம் வந்து பறந்து காட்டியது. ரஃபேல் ஜெயித்தது. ஆனால் விசை இல்லாமல் கிளம்பும்போது சுமையைக் குறைத்துக்கொள்ள வேண்டிவரும். எரிபொருளும் ஆயுதமும் இரண்டும் முழுசாக என்பது கஷ்டம். சீனா 2025 நவம்பரில் சேர்த்த ஃபூஜியன் கப்பலில் மின்காந்த விசையே வைத்துவிட்டது.

நம்ம தேஜஸ் என்னாச்சு? காவேரின்னு ஆத்துப் பேர்ல எஞ்சின் செஞ்சாங்களே, அதைப் போடக் கூடாதா?

காவேரி எஞ்சின் என்றதும் நம் ஊரில் ஒரு தனிப் பாசம் வந்துவிடுகிறது. பெங்களூரில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு 1989ல் அனுமதி கிடைத்து, தேஜஸுக்காகத் தொடங்கிய வேலை. எதிர்பார்த்த உந்துவிசை வரவில்லை, எடை கூடிப்போனது. 2008ல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். தேஜஸ் இன்றுவரை அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது. ஆற்றில் தண்ணீர் வரும் வரும் என்று காத்திருந்த அனுபவம் நமக்கு இருப்பதால் இந்தக் காவேரிக்காகவும் காத்திருக்கிறோம்.

கடற்படைத் தேஜஸ் தோற்றுவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை. 2020 ஜனவரி 11 அன்று அது விக்ரமாதித்யாவில் வடம் பிடித்து இறங்கியது. கொமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் ஓட்டினார். ஒற்றை எஞ்சின், எடைக்கேற்ற பலம் போதவில்லை, ஆகவே படையில் சேர்க்க வேண்டாம் என்று கடற்படை ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. ஆனாலும் கப்பலில் இறங்கும் விமானத்தை எப்படிச் செய்வது என்று அதில்தான் நம் ஆட்கள் கற்றுக்கொண்டார்கள். இரட்டை எஞ்சின் கொண்ட அடுத்த விமானத்தின் வடிவமைப்பு அந்தப் படிப்பின் மேல்தான் நடக்கிறது.

விக்ராந்த் நாகப்பட்டினத்துக்கு வருமா? பார்க்கணும்.

வராது. அந்த அளவு கப்பலுக்கு வேண்டிய ஆழம் நம் கரையில் இல்லை. தூரத்தில் நங்கூரம் போட்டால் கட்டுமரத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும், அதற்குள் கடலோரக் காவல்படை உங்களைப் பார்த்துவிடும்.

கொச்சியிலிருந்து விசாகப்பட்டினம் போக வேண்டுமானாலும் நம் பாக் நீரிணை வழியாக வர முடியாது. ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே மணல்திட்டுகளில் சில இடங்களில் ஆழம் ஆளுயரம்கூட இல்லை. இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சோழன் கடாரம் வரைக்கும் போனானே, இதெல்லாம் நமக்குப் புதுசா?

1025 வாக்கில் ராஜேந்திரன் படை கடல் கடந்தது, சந்தேகமே இல்லை. "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி" என்று மெய்க்கீர்த்தியே சொல்கிறது. வென்ற ஊர்களின் பெயர்களும் வரிசையாக இருக்கின்றன. கலம் ஓட்டியவர்கள் எந்த ஊர்க்காரர்கள், அவர்களை யார் பழக்கினார்கள் என்று மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. எனக்கு அந்த வரிதான் வேண்டும். நாகப்பட்டினத்துப் பரதவர் யாராவது சுக்கான் பிடித்திருப்பார் என்பது என் ஆசை, வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு ஏவுகணை விட்டா மொத்தமும் காலி. இவ்வளவு பணத்தைக் கடல்ல மிதக்க விடணுமா?

விவரம் தெரிந்தவர்களே இதில் இரண்டு கட்சி. கப்பல் தனியாகப் போகாது. சுற்றிலும் நாசகாரிக் கப்பல்கள், ஃபிரிகேட்டுகள், எண்ணெய்க் கப்பல், அடியில் நீர்மூழ்கி என்று ஒரு கூட்டமே போகும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய கப்பல் ஒரு மணி நேரத்தில் எங்கே இருக்கும் என்று எதிரி தேட வேண்டும். தரையிலுள்ள விமானத்தளம் எங்கேயும் ஓடாது. இது ஒரு கட்சி.

அதே பணத்தில் நீர்மூழ்கிகள் வாங்கலாமே என்பது அடுத்த கட்சி. அதிலும் உண்மை இருக்கிறது. நான் ஏழு வருடம் அந்தத் தளத்தின் உப்பைத் தின்றவன், என் தீர்ப்பை நடுநிலை என்று நம்பாதீர்கள். ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமில்லை: விமானமும் ஆளும் இல்லாமல் மூன்றாவது கப்பல் கேட்பதைவிட, இருக்கிற இரண்டையும் நிறைத்துவிட்டுக் கேட்கலாம்.

பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கான். இதுல சேர என்ன செய்யணும்?

அதிகாரி ஆக வேண்டுமானால் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி), எழிமலையின் பி.டெக். வழி, அல்லது பட்டம் முடித்தபின் தேர்வு. மாலுமியாக இப்போது பெரும்பாலும் அக்னிவீர் என்ற நாலு வருடச் சேர்க்கை வழிதான். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் இருந்தால் எஸ்.எஸ்.ஆர். என்ற பிரிவு, பத்தாவது போதும் என்றால் எம்.ஆர். என்ற பிரிவு. பதினேழரை முதல் 21 வயது வரை. பயிற்சி ஒடிசாவில் சில்கா தளத்தில். விமானப் பிரிவு கிடைத்தால் தொழில் படிப்பு கொச்சியில்.

விண்ணப்பம் இணையத்தில், தேர்வு கணினியில். நடுவில் ஆள் தேவையில்லை. பக்கத்து ஊரில் ஒரு பையனிடம் 'சீட் உறுதி' என்று சொல்லி ஒரு பயிற்சி மையம் பெரும் தொகை வாங்கிவிட்டது. அவன் அப்பா குறுவை நெல் போட்ட பணம் அது. பையன் ஓட்டத்தில் தேறவில்லை, பணமும் திரும்பவில்லை. காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் காசில் நல்ல ஷூ வாங்கிக்கொடுத்து, விடிகாலையில் வாய்க்கால் கரையில் ஓட விடுங்கள்.

அவன் இப்ப சேர்ந்தா ரஃபேல்ல வேலை பார்ப்பானா மாமா?

இதைக் கேட்டது அக்கா மகனேதான், தனக்காக. கணக்குப் போட்டுக் காட்டினேன். 26 விமானங்களும் வந்து முடிவது 2030. அக்னிவீர் நாலு வருடம். 2026ல் சேர்ந்தால் 2030ல் முடிகிறது. நாலு வருடம் முடியும்போது 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மெக்கானிக்காக எனக்குத் தனியாக ஒரு எஞ்சினை நம்பி விட்டது, சேர்ந்து ஐந்தாவது வருடம். அதற்கு முன்னால் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த நாலு வருடக் கணக்கு விமானப் பராமரிப்புக்கு ஒத்துவருமா என்று கடற்படைக்காரர்களே யோசிக்கட்டும்.

"அப்ப வேண்டாங்கிறீங்களா?" என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த நாலில் ஒருவனாக வருகிற மாதிரி படி என்றேன். போன வாரத்திலிருந்து என் பழைய தொழில்நுட்பக் குறிப்பு நோட்டு அவனிடம் இருக்கிறது. சீ ஹாரியர் காலத்து நோட்டு. அதில் உள்ள விமானம் எதுவும் இப்போது பறக்கவில்லை, ஆனால் துரு பிடிக்கும் இடங்கள் மாறியிருக்காது.